இடது தோளிலிருந்து வலது இடுப்புக்கு

ஜூலை 6, ஞாயிறு

காலை ஐந்தரைக்கே வியர்வை. காற்று துளியும் இல்லை. தொழிற்பேட்டைப் பக்கமிருந்து இரும்பு காயும் வாடை. இரண்டு பூசை. இரண்டுக்கும் பச்சை உடுப்பு. எனக்கு வெள்ளை அங்கியும் பச்சை ஸ்டோலும், அவ்வளவே.

ஸ்டோல், அந்த நீளத் துணிப்பட்டை, பங்கு ஃபாதருடைய பழையது. குரு கழுத்தில் மாட்டி இரண்டு முனையும் முன்னால் தொங்க விடுவதற்குத் தைத்தது. நான் திருத்தொண்டன் மட்டும்தான், குருப்பட்டத்துக்கு ஒரு படி கீழே. இடது தோளில் போட்டு மார்பின் குறுக்கே இறக்கி வலது இடுப்பில் சேர்க்க வேண்டும். சேர்க்கக் கொக்கி கிடையாது. நற்செய்தி வாசிக்கும்போது வழுக்கி முழங்கைக்கு வந்துவிடும். அதனால் தினமும் லூர்து அக்கா தன் தாலிக்கயிற்றிலிருந்து ஒரு ஊக்கைக் கழற்றி என் இடுப்பில் குத்திவிடுவார். கோவிலைப் பெருக்குவது, பூசை உடுப்புகளைத் துவைத்து இஸ்திரி போடுவது எல்லாம் அவர்தான்.

"பூசை முடிஞ்சதும் குடுத்துடுங்க பிரதர். அது கயித்துல இல்லாட்டி எனுக்கு வேலையே ஓடாது."

நான் பிரதர் இல்லை. மே மாதமே திருத்தொண்டர் பட்டம் ஆகிவிட்டது. சொல்லிச் சொல்லி விட்டுவிட்டேன்.

ஃபாதர் மாலையில் கிளம்பிவிட்டார். வருடாந்திர தியானம். சுற்றுவட்டாரச் சாமியார்கள் அத்தனை பேரும் ஒரே மலையில், ஐந்து நாள் மௌனம். போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்களாம். அலுவலக எண் ஒன்று எழுதிக் கொடுத்தார். "வெள்ளி வரைக்கும் பங்கு உன் பொறுப்பு. பெரிசா ஒண்ணும் வராது."

சமையல்காரம்மாவும் லீவு. ஃபிரிட்ஜில் சாம்பார், பாதி முட்டைகோஸ், மூன்று முட்டை.

ஜூலை 7, திங்கள்

வெயில். காலை இறைவார்த்தை வழிபாடு, நற்கருணை. வந்தவர்கள் பதினோரு பேர். வழக்கமாக நாற்பது. வாசலில் ஒரு அம்மா இன்னொரு அம்மாவிடம்: "இன்னிக்கு பூசை இல்லியாம், பிரதர்தானாம்." இரண்டு பேரும் திரும்பிப் போனார்கள். கோபம் வரவில்லை. வந்தது என்று எழுதினால்தான் சரி.

அக்கா அலமாரியின் கீழ்த் தட்டைத் துடைக்கும்போது என் டால்மாட்டிக்கை எடுத்துவிட்டார். என் தங்கை செல்வி தைத்துக் கொடுத்தது. வெள்ளை, கைகளிலும் ஓரத்திலும் பொன் நிறப் பட்டை. பிரித்துக்கூடப் பார்த்ததில்லை.

"இன்னா பிரதர் இது, இவ்ளோ பெரிய சட்டை?"

திருத்தொண்டருடைய மேலுடை என்றேன். பூசையில் குரு போடுகிற மாதிரி நமக்கு இது.

"அப்ப ஏன் போட்டதே இல்ல?"

ஃபா. சொன்ன காரணத்தைச் சொல்லவில்லை. அவர் சொன்னது: "ரெண்டு பேரும் பட்டு உடுத்திக்கிட்டு நின்னா சனம் யாரு சாமின்னு முழிக்கும்ப்பா." நற்கருணைப் பெருவிழா பவனிக்குக் கேட்டேன். "இந்த வெயில்ல எதுக்கு?" திரு இருதயப் பெருவிழாவுக்குக் கேட்கவே இல்லை.

அக்கா விடவில்லை. எதெதற்கு எதெது என்று சொல்லச் சொன்னார், துவைக்கிறவருக்குத் தெரிய வேண்டாமா என்று. சொன்னதை இங்கேயும் போட்டு வைக்கிறேன்:

வெள்ளை அங்கி – எப்போதும். இது இல்லாமல் எதுவும் இல்லை.
ஸ்டோல் – பீடத்தில் பணி என்றால் கட்டாயம். குறுக்காக மட்டும்.
டால்மாட்டிக் – பூசையில், ஸ்டோலுக்கு மேல். ஞாயிறு, பெருவிழாக்களில் முக்கியமாக. சாதாரண நாளில் விட்டுவிடலாம். (இங்கே எல்லா நாளும் சாதாரண நாள்.)
காப்பா, அதாவது முதுகில் போர்த்துகிற பெரிய போர்வை – நற்கருணை ஆசீர், பவனி. பூசை இல்லாத திருமணத்துக்கும் அடக்கத்துக்கும் விருப்பம்போல.
நோயாளிக்கு நற்கருணை – அங்கி, ஸ்டோல். அவசரமென்றால் வெறும் ஸ்டோல்.
குருப்பட்டத்துக்குப் பிறகு டால்மாட்டிக் – பெட்டிக்குள். ஆயரானால் உள்ளுக்குள் போட்டுக்கொள்ளலாம். அந்த ஆசை இல்லை.

"அப்ப இது சந்தோசத்துக்கு உடுத்துறது," என்றார் அக்கா. அப்படித்தான் இதை உடுத்தும்போது சொல்கிற ஜெபத்திலும் வரும் என்றேன். மடித்து அதே இடத்தில் வைத்தார். டிசம்பரில் எனக்குக் குருப்பட்டம். இன்னும் ஐந்து மாதம்.

ஜூலை 8, செவ்வாய்

கரண்ட் போய்ப் போய் வந்தது. வழிபாட்டுக்கு ஒன்பது பேர். முட்டை தீர்ந்தது.

எங்கள் பேட்ச் வாட்ஸ்அப் குழுவில் டால்மாட்டிக் போட்ட படங்கள். ஆறு பேர், ஆறு கோவில். ஒவ்வொன்றுக்கும் கைகூப்பி அனுப்பினேன்.

செல்வி மணவாள நகரிலிருந்து கூப்பிட்டாள். ரவிக்கை தைக்கிறவள், யூடியூப் பார்த்து, என் பழைய ஜிப்பாவை அளவுக்கு வைத்துத் தைத்தாள். பட்டத்துக்கு எல்லாருக்கும் ஒரே மாதிரி மறைமாவட்டமே கொடுத்துவிட்டது. அவள் தைத்தது அலமாரியில் உட்கார்ந்துவிட்டது.

"போட்டியா?"

"இன்னும் இல்லடி."

"கைல எதனா தப்பா? டைட்டா கீதா?"

"இல்ல. நேரம் வரல."

"போட்டா போட்டோ அனுப்பு." மெஷின் சத்தம். வாடிக்கைக்காரி யாரோ வந்துவிட்டார்கள்.

இன்று என்னோடு பேசியவர்கள்: லூர்து அக்கா (மணி எண்ணெய், புது துடைப்பம்). செல்வி, நான்கு நிமிடம். கடைக்காரர் ("கோதுமையா, மைதாவா?"). வழி கேட்ட லாரி டிரைவர், இந்தியில். எனக்குப் புரியவில்லை, கையைக் காட்டினேன், தப்பான பக்கம் காட்டிவிட்டேனோ என்று இப்போதுகூட உறுத்துகிறது.

குருமடத்தில் ஒன்பது வருடம், தூங்கும் இடத்தில்கூட முப்பது பேர். தனியாக ஒரு அறை கிடைக்காதா என்று ஏங்கியிருக்கிறேன். கிடைத்துவிட்டது. நான்கு அறை, ஒரு ஹால். ஒவ்வொன்றிலும் விளக்குப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். வெட்கக்கேடு.

ஜூலை 9, புதன்

மதியம் அரை மணி நேரம் நல்ல மழை. அதற்கப்புறம் புழுக்கம் இரண்டு மடங்கு.

லூர்து அக்கா வீட்டுக்கு நற்கருணை எடுத்துப் போனேன். லைன் வீடு, கடைசி. அவர் கணவர் மரியதாஸ் அண்ணன் இரும்பு உருட்டாலையில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவர். இப்போது நுரையீரலில் கட்டி. ஆஸ்பத்திரியில், இனி ஊட்டுக்கு இட்டுக்கினு போங்க என்று சொல்லி மூன்று வாரம். இத்தனை நாள் அக்கா இதைப் பற்றி இரண்டு வாக்கியத்துக்கு மேல் சொன்னதில்லை.

அண்ணனுக்குப் பேச மூச்சு எட்டவில்லை. கையைப் பிடித்துக்கொண்டார்.

"சாமி எப்ப வருவாரு?"

"வெள்ளிக்கிழமைண்ணே."

"பாவசங்கீர்த்தனம் பண்ணணும். ஒண்ணு இருக்குது. ரொம்ப நாளு."

பாவத்தைக் கேட்டு மன்னிப்புக் கொடுக்க குருவால்தான் முடியும். தியான இல்லத்துக்குப் போன் போட்டேன். எடுத்தவர் அவசரமா என்று கேட்டார். மௌன நேரம், இடையில் கூப்பிட முடியாது, ரொம்ப அவசரமென்றால் மட்டும் என்றார். "அவசரம்னு இல்ல. வெள்ளிக்குள்ள தெரிஞ்சா போதும்," என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? பெரிசா ஒண்ணும் வராது என்று ஃபா. சொல்லிவிட்டுப் போனார். பொறுப்பு கொடுத்த முதல் வாரத்திலேயே பயந்து கூப்பிட்டுவிட்டான் என்று ஆகக்கூடாது. அதுதான் காரணம், வேறு எதுவும் இல்லை.

ஜூலை 10, வியாழன்

(வெள்ளி காலை எழுதுகிறேன்.)

விடியற்காலை மூன்று மணிக்கு அக்கா போன். "பிரதர், மூச்சு வேற மாதிரி வாங்குது. வந்துடுங்க."

முதலில் தியான இல்லம். இந்த முறை அவசரம் என்றேன். ஃபாதரை எழுப்பிச் சொல்கிறோம், கார் ஏற்பாடு செய்கிறோம், நான்கு மணி நேரமாவது ஆகும் என்றார்கள். எளாவூர் செக்போஸ்ட் தாண்டி ஆந்திரப் பக்கம் இருக்கிற பங்குக்கும் போட்டேன். அங்கேயும் சாமியார் ஊரில் இல்லை. நற்கருணைச் சிமிழ், செபப் புத்தகம், அங்கி, ஊதா ஸ்டோல். ஃபாதரின் ஸ்கூட்டர். ஜி.என்.டி. ரோட்டைக் கடக்க ஏழு நிமிடம், கன்டெய்னர் வரிசை முடியவே இல்லை.

வாசலிலேயே அங்கியை மாட்டினேன். அக்கா கயிற்றிலிருந்து ஊக்கை எடுத்து, வழக்கம்போல ஸ்டோலை இடுப்பில் குத்தினார். குத்திய கையோடு உள்ளே எட்டிப் பார்த்தார். பிறகு ஊக்கைக் கழற்றினார். தோளிலிருந்த ஸ்டோலைத் தூக்கி என் கழுத்தைச் சுற்றிப் போட்டு, இரண்டு முனையையும் முன்னால் சமமாக இழுத்துவிட்டார். தினமும் துவைப்பவர். யார் எப்படிப் போடுவார்கள் என்று அவரைவிடத் தெரிந்தவர் இல்லை.

"இப்டியே வாங்க. அவுருக்கு கண்ணு மங்கிப் போச்சு. சாமின்னு நெனச்சிக்குவாரு. மனசு ஆறிப் போவட்டும் பிரதர்."

உள்ளே போனேன். அப்படியே போனேன்.

அண்ணன் பார்த்தார். முகம் தளர்ந்தது. கையைத் தூக்கி நெற்றியில் சிலுவை வைக்கப் பார்த்தார், பாதி வழியில் விழுந்தது. "சாமி, என்னை ஆசீர்வதியும், நான் பாவி…"

இதை யாரிடமும் சொல்லப் போவதில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன். அந்த நொடி எனக்குப் பிடித்திருந்தது. கழுத்தில் அந்தப் பட்டை உட்கார்ந்த விதம் பிடித்திருந்தது. இந்த ஊரில் ஒருவர் முதல் முறையாக எனக்காகக் காத்திருந்தார். கேட்டுவிட்டு, கையை உயர்த்தி, மன்னிப்பின் நான்கு வார்த்தை சொல்லிவிட்டால் போதும். யாருக்குத் தெரியும்? நான்கு வார்த்தையும் எனக்கு மனப்பாடம். ஆனால் என் வாயில் அவை வெறும் சத்தம். அவர் அந்தச் சத்தத்தை நம்பிச் சாவார்.

ஸ்டோலைக் கழற்றினேன். இடது தோளில் போட்டுக் குறுக்காக இறக்கினேன். ஊக்கு அக்காவிடம். வலது இடுப்பில் கையால் பிடித்துக்கொண்டேன்.

"அண்ணே, நான் சாமி இல்ல. இன்னும் குருப்பட்டம் ஆகல. நீங்க சொல்றத கேட்டு மன்னிப்பு குடுக்க என்னால முடியாது. ஃபாதர் கிளம்பிட்டாரு."

"அப்ப… யாருகிட்ட சொல்றது?"

ஆண்டவரிடம் மனசுக்குள் சொல்லுங்கள், நான் பக்கத்தில் இருக்கிறேன் என்றேன். மனத்துயர் செபத்தை ஒவ்வொரு வரியாகச் சொன்னேன். மூன்றாவது வரிக்கு மேல் உதடு அசையவில்லை. நற்கருணையில் சின்னத் துணுக்கு, ஸ்பூனில் தண்ணீர். விழுங்கினார். ஒரு கையால் புத்தகம், ஒரு கையால் ஸ்டோல். பக்கம் திருப்ப முடியாமல் மோவாயால் அழுத்தித் திருப்பினேன்.

முடிந்ததும் அக்கா என்னைக் கதவருகே தள்ளிக்கொண்டு வந்தார்.

"ஒரு வார்த்த காதுல வாங்கினா உங்களுக்கு இன்னா கொறஞ்சிடும்? சாவப்போற மனுசன்."

பதில் இருக்கிறது. திருச்சபைச் சட்டத்தில் எண்ணோடு இருக்கிறது.

கார் எங்கே என்று கேட்க வெளியே வந்தேன். வீட்டுக்குள் சிக்னல் இல்லை. சாக்கடை ஓரம் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இருபது நிமிடம். கார் இன்னும் வேலூர் தாண்டவில்லை. உள்ளே திரும்பியபோது அக்கா கட்டில் விளிம்பில், அவர் முகத்துக்கு வெகு அருகில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்க்கவில்லை. நான் மூலையில் நின்று மரண அவஸ்தை செபங்களைத் தொடர்ந்தேன்.

ஐந்தரைக்கு அண்ணன் போய்விட்டார்.

ஃபா. வந்தது எட்டு மணிக்கு. பிரேதத்தை மந்திரித்தார். திரும்பும் வழியில் நேற்றைய போன் உட்பட எல்லாவற்றையும் சொன்னேன், ஸ்டோல் கழுத்தில் இருந்ததையும்.

"நீ ஒண்ணும் கேக்கலையே?"

"கேக்கல ஃபாதர்."

"சரி." கொஞ்ச தூரம் போனதும், "சாப்பிட்டியா?"

ஜூலை 11, வெள்ளி

மேகமூட்டம், மழை இல்லை. அடக்கப் பூசை நான்கு மணிக்கு.

மகள் சூலூர்பேட்டையிலிருந்து நேற்றே வந்துவிட்டாள். "நைனா, நைனா" என்று அவள் அழுதது லைன் முழுக்கக் கேட்டது. நான் ஒரு ஓரமாக நின்றேன். பெண்கள் என்னைப் பார்த்தார்கள். எண்ணெய் பூசுதல் இல்லாமல், பாவசங்கீர்த்தனம் இல்லாமல் போனார் என்று பேச்சு பரவியிருக்கும். கேட்ட மனிதருக்கு இல்லை என்று சொன்னவன் நான். புதன்கிழமையே அவசரம் என்று சொல்லியிருந்தால் இந்தப் பேச்சே இல்லை. காலையிலிருந்து மனசில் இதே ஓட்டம்.

மூன்றே முக்காலுக்குப் பெட்டி கோவிலுக்கு வந்தது. ஃபா. வெள்ளை உடுத்திக்கொண்டு முன்னமே வாசலுக்குப் போய்விட்டார். நான் உடுப்பு அறையில் அங்கி மாட்டி, வெள்ளை ஸ்டோலைத் தோளில் போட்டு, ஊக்கு தேடிக்கொண்டிருந்தேன். ஸ்டேப்ளர் எடுத்துப் பார்த்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

கதவு திறந்தது. லூர்து அக்கா. வெளியே பெட்டி, சனம், அழுகை, எல்லாவற்றையும் விட்டுவிட்டு, தினமும் காலையில் வருவது போலவே நேராக உள்ளே வந்தார். யாரும் தடுக்கவில்லை போல. கயிற்றிலிருந்து ஊக்கைக் கழற்றினார். ஸ்டோலைக் குறுக்காக இழுத்து, வலது இடுப்பில் குத்தினார். இழுத்துப் பார்த்தார், நின்றது.

பிறகு குனிந்து கீழ்த் தட்டைத் திறந்து டால்மாட்டிக்கை எடுத்தார்.

"அக்கா, அது வேணாம். இன்னிக்கு…"

"நீங்க போன் பேச வெளிய போனீங்க இல்ல."

"ஆமா."

"எங்கிட்ட சொல்லிட்டாரு." மடிப்பை உதறினார். "சாமிகிட்ட சொல்லணும்னு வெச்சிக்கினு இருந்தது. எனுக்கு செஞ்சதுதான் அது. இருபது வருசத்துக்கு மின்னாடி. எங்கிட்டதான் சொல்லியிருக்கணும். நீங்க காதுல வாங்கியிருந்தா உங்ககிட்ட சொல்லிட்டுப் போயிருப்பாரு. எனுக்குத் தெரியாமலே போயிருக்கும்."

என்னவென்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

"மன்னிச்சேன்னேன். கேட்டுக்கினாரு. அப்றம்தான் கண்ண மூடினாரு." டால்மாட்டிக்கை என் தலைக்கு மேல் தூக்கினார். "குனிங்க."

குனிந்தேன்.

வாசலில் ஃபா. என்னை மேலும் கீழும் பார்த்தார். "யார் எடுத்து வெச்சது?"

"லூர்து அக்கா."

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அக்காவைத் திரும்பிப் பார்த்தார். "கழுத்து கொஞ்சம் பெரிசா இருக்கு," என்றார். மணி அடிக்கச் சைகை காட்டினார்.

நற்செய்தி நான்தான் வாசித்தேன். யாரு சாமி என்று யாரும் முழிக்கவில்லை. எல்லாரும் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கல்லறையில் சேறு. டால்மாட்டிக் ஓரம் முழுக்கக் கறை, இடது கையில் மெழுகு.

ஜூலை 12, சனி

வெயில். சமையல்காரம்மா வந்துவிட்டார். மீன்.

செல்விக்கு நானே கூப்பிட்டேன்.

"போட்டேன்."

"ஐய, எப்ப? இன்னா விசேசம்?"

"ஒரு அடக்கம்."

மெஷின் நின்றது. "சாவுக்கா போட்ட?"

"ஆமா."

"கரெக்டா இருந்துச்சா?"

"கரெக்டா இருந்துச்சு. கழுத்து மட்டும் கொஞ்சம் பெரிசாம்."

"போட்டோ?"

சாவு வீட்டில் என்னை யார் போட்டோ எடுப்பார்கள். அதைச் சொன்னதும் சிரித்தாள். நானும் சிரித்தேன். போனை வைத்த பிறகு ஹாலில் தனியாக உட்கார்ந்து அழுதேன், எதற்கென்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. ஃபா. உள் அறையில் குறட்டை. அந்தச் சத்தம் நன்றாக இருந்தது.

செய்ய வேண்டியது: சேற்றுக்கு எலுமிச்சை. மெழுகுக்கு? அக்காவைக் கேட்கணும். உடனே கேட்கக் கூடாது.

ஜூலை 14, திங்கள்

விடியலில் தூறல். ஐந்தே முக்காலுக்குத் துடைப்பம் சத்தம். இத்தனை சீக்கிரம் வருவார் என்று எதிர்பார்க்கவில்லை. வீட்டில் உட்கார முடியலை, மகள் நேற்றே கிளம்பிட்டா என்றார். மெழுகுக்குத் தாளை மேலே வைத்து இஸ்திரி போட்டால் தாளில் ஒட்டிக்கொண்டு வந்துவிடுமாம். தானே செய்வதாக எடுத்துக்கொண்டார்.

காலைப் பூசை. பச்சை. அங்கி, ஸ்டோல். வெள்ளிக்கிழமை ஊக்கு என்னிடமே தங்கிவிட்டது, நானே குத்திக்கொண்டேன். கோணல்.

பூசை முடிந்து உடுப்பு அறையில் வழக்கம்போல ஊக்கைக் கழற்றி நீட்டினேன். பழக்கத்தில் நீட்டிவிட்டேன், யோசிக்கவில்லை. அக்காவும் பழக்கத்தில் வாங்கினார். ஊக்கைப் பிடித்த கை கழுத்துக்குப் போனது. அங்கே கயிறு இல்லை. கொஞ்ச நேரம் கை அங்கேயே இருந்தது. பிறகு இறங்கி, என் உள்ளங்கையைத் திறந்து ஊக்கை வைத்து மூடிவிட்டது.

"நீங்களே வெச்சிக்குங்க," என்றார்.